வெள்ளிக்கிழமைக் கைகள்

...இருபது நிமிடம், அதில் அரை நிமிடம் குறைந்தாலும் நான் அளக்க மாட்டேன், வெளியே ஜீப் டிரைவர் எத்தனை தரம் ஹாரன் அடித்தாலும் சரி, மேடேறி நடந்து வந்த உடம்பு இது, சூடு இறங்க வேண்டும், வேர்வை அடங்க வேண்டும், தோல் தன் இயல்புக்குத் திரும்ப வேண்டும், அதுவரை மின்விசிறி கூடாது, ஜன்னலைத் திறக்கக் கூடாது, கையைச் சொறியக் கூடாது, தேய்க்கக் கூடாது, உள்ளங்கையை மேலே காட்டி பெஞ்சின்மேல் சும்மா வைத்துக்கொண்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது, மனிதர்களால் இருபது நிமிடம் சும்மா இருக்க முடியாதா? முடியாது. முப்பத்தொன்பது முகாம் நடத்தியவள் சொல்கிறேன், முடியவே முடியாது. மூன்றாம் நிமிடம் மூக்கு அரிக்கும், ஐந்தாம் நிமிடம் வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்று சந்தேகம் வரும், எட்டாம் நிமிடம் பக்கத்து ஆளிடம் ஏதாவது கேட்டே ஆக வேண்டும். வெள்ளிமலைக்கும் அப்பால் இருக்கிற இந்தச் சிற்றூர்ப் பள்ளிக்கூடத்தில், சனிக்கிழமையானதால் பிள்ளைகள் இல்லாத மூன்றாம் வகுப்பு அறையில், மூன்று ஆண்களும் மூன்று பெண்களுமாக ஆறு பேர் எனக்காகக் கையை நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், முகாம்தோறும் என்னோடு வருகிற செவிலியர் ராணியம்மாள் நோட்டைத் திறந்து வைத்துவிட்டுப் பேனா மூடியால் காதைக் குடைகிறார், மேசைமேல் டைமர் ஓடுகிறது, கதவில் ஒட்டிய நோட்டீசில் என் பெயர், முனைவர் மெஹ்ராஜ் பேகம், தோல் ஆராய்ச்சியாளர், அந்த 'முனைவர்' மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில், ஆமாம், நான்தான் அச்சகத்தில் சொல்லிப் பெரிதாக்கினேன், அதில் என்ன தப்பு? நான் படித்து வாங்கியதுதானே. இது கடைசி முகாம். என் கட்டுரைக்கான கணக்கு முன்பே முடிந்துவிட்டது, இந்த ஆறு பேரோடு ஒத்துக்கொண்ட ஊர்களும் முடிகின்றன.

கருவியைப் பார்த்ததும் எல்லோரும் ஊசியைத்தான் தேடுவார்கள், எங்க குத்துவே என்று கேட்பார்கள், குத்த மாட்டேன், கீற மாட்டேன், ஒரு சொட்டு ரத்தம் எடுக்க மாட்டேன், என் கட்டைவிரல் பருமனில் ஒரு குழல், அதிலிருந்து ஒரு ஒயர், ஒரு சின்னப் பெட்டி, இவ்வளவுதான்... தோல் சும்மா இருப்பதே இல்லை, எந்நேரமும் நம் கண்ணுக்குத் தெரியாமல் உடம்பின் தண்ணீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கிறது, நல்ல தோல் கொஞ்சமாக விடும், கெடப்போகிற தோல் தாராளமாக விடும், கரப்பான் நோய் வந்து வெடித்துப் புண்ணான கையைப் பார்க்கக் கருவி எதற்கு, கண் போதும், ஆனால் வெடிப்பதற்குப் பல மாதம் முன்னாலேயே, மேலே மழமழவென்று இருக்கும்போதே, அந்தத் தோல் தண்ணீரை இழக்க ஆரம்பித்துவிடுகிறது, அதைத்தான் என் குழல் மோப்பம் பிடிக்கிறது, எண் கூடினால் கெடுதல், குறைந்தால் நல்லது, ஒரு நிமிடம் தோல்மேல் வைத்தால் போதும். அம்மாவின் முழங்கைக்குக் கீழே வட்டமாக ஒரு தழும்பு உண்டு, நான் ஏழாவது படிக்கும்போது பரிசோதனைக்கென்று சதை எடுத்த இடம், எடுத்தவர்கள்மேல் குறை ஒன்றும் இல்லை, அன்றைக்கு அதுதான் வழி, ஆனால் அதற்கப்புறம் அம்மா கத்திரி வெயிலிலும் முழுக்கை ரவிக்கைதான், நோவு போயிடுச்சி, அடையாளம் போவலையே என்பாள். அந்தத் தழும்பைப் பார்த்த அன்றே ஆராய்ச்சியாளர் ஆவது என்று தீர்மானித்தேன் என்று ஒரு கூட்டத்தில் பேசினேன், நல்ல கைதட்டல், ஆனால் அது பொய், அன்றைக்கு நான் தீர்மானித்தது இனிமேல் அம்மா பக்கத்தில் படுப்பதில்லை என்று, ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தேன், பதினெட்டு நாள் தள்ளிப் படுத்தேன், அம்மா தானே என் பாயைத் தள்ளிப் போட்டுக் கொடுத்தாள். சரி, அது எதற்கு இப்போது. இந்தப் பக்கத்தில் எத்தனை ஆயிரம் கைகளைக் கத்தி படாமல் பார்த்திருக்கிறேன், அதுவே அம்மாவுக்கு நான் சொல்கிற பதில் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்... எத்தனை ஆயிரமா? நானூற்றுப் பன்னிரண்டு. பெருமை வந்தால் எனக்கு எண்ணிக்கை கொஞ்சம் ஊதிவிடும்.

நானூற்றுப் பன்னிரண்டு பேர், எல்லோரும் ஈரத்திலும் மண்ணிலும் கை வைத்து வேலை செய்கிறவர்கள், நைனார்பாளையத்தில் ஆரம்பித்து ரிஷிவந்தியம், எலவனாசூர்கோட்டை, பிறகு மலை, இரண்டு வருடம், முகாம் எல்லாம் சனிக்கிழமையில், மழையில் ஜீப் சேற்றில் மாட்டிக்கொண்டு கருவியைக் குழந்தைபோல் தோளில் தூக்கி நடந்த சனிக்கிழமைகள் உண்டு, கடைசியில் கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஆண்களுக்குச் சராசரி பதினொன்று, பெண்களுக்கு ஏழு. ஏழு! சென்னையில் இருக்கிற என் பேராசிரியர் நம்பவில்லை, மெஹ்ராஜ், மறுபடியும் அளந்து பாருங்க என்றார், அளந்தேன், ஏழு, வேறு ஒரு கருவியைக் கொடுத்தனுப்பினார், அதிலும் ஏழு, அப்போதுதான் அவருடைய குரல் மாறியது, இது பெரிய விஷயமா இருக்கும்போலிருக்கே என்றார், அவர் எதையும் அப்படிச் சுலபத்தில் சொல்லிவிடுகிற ஆள் இல்லை. ஏன் ஏழு? இந்தப் பக்கத்துப் பெண்களின் மேல்தோலில் இருக்கிற கொழுப்புப் படலம் ஆண்களுடையதைவிட நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கலாம் என்று நான் எழுதினேன், இயற்கையே அவர்களுக்குக் கவசம் கொடுத்திருக்கிறது என்று எழுதினேன், அந்த வாக்கியத்தை எழுதிவிட்டு எழுந்து போய் டீ போட்டுக் குடித்தேன், அவ்வளவு நன்றாக இருந்தது. கட்டுரையை ஒரு வெளிநாட்டு இதழில் எடுத்துக்கொண்டுவிட்டார்கள், அடுத்த மாதம் வரும். அது மட்டுமா, திங்கட்கிழமை சென்னையில் கூட்டம், இந்த வட்டாரத்து வேலைக்காரக் கைகளுக்குக் களிம்பும் கையுறையும் கொடுக்கிற திட்டம், எல்லோருக்கும் போதாது, முதல் சுற்றில் யாருக்கு என்று கேட்டார்கள், பேராசிரியர் என் பதினொன்றையும் ஏழையும் காட்டினார், ஆண்களுக்கு முதலில் என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது, பெண்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அவர்களுக்குத்தான் கவசம் இருக்கிறதே. நான் அளந்த எண், கள்ளக்குறிச்சிக்காரி அளந்த எண், எத்தனை கைகளுக்கு மருந்து போகும், எத்தனை கைகளுக்குப் போகாது என்று தீர்மானிக்கிறது... இதற்குப் பெருமைப்படாமல் வேறு எதற்குப் பெருமைப்படுவது?

பதினான்கு நிமிடம் இருக்கிறது, முதல் ஆளாக உட்கார்ந்திருக்கிற செல்லமுத்து ஆரம்பித்துவிட்டார், நான் சொல்லவில்லையா, இன்னாம்மா, இன்னும் எத்தினி நேரம் கைய இப்டியே வச்சிக்கினு ஒக்காரணும், மாடு அங்க கட்டாம கீதும்மா, என்கிறார், பதினாலு நிமிஷம்தாங்க, கொஞ்சம் பொறுத்துக்கோங்க என்கிறேன், அவர் அடங்குகிற மாதிரி அடங்கிவிட்டு, உன் நோட்டீச ஒட்னதுலேந்து எனக்கு எண்ண முழுக்கே போச்சி, வாரத்துல இந்த ஒரு சனிக்கெழமதான், போன வாரம் சந்தைக்குப் போய்க்கினு இருந்தேன், முழுகல, இந்த வாரம் நீ எண்ணெயே தொடக்கூடாதுன்ட்ட, தலையில கொதிக்குது பாரு என்று சொல்லிவிட்டு எல்லோரையும் ஒரு சுற்று பார்க்கிறார், அவர் சம்சாரம் பச்சையம்மாள் மூன்றாவதாக உட்கார்ந்திருக்கிறாள், அவள் சும்மா இருப்பாளா, ஆம்பளைங்களுக்குத்தான் பாவம் ரொம்பக் கஷ்டம், எங்களுக்கு இன்னா, நேத்தே தேச்சி முழுகியாச்சி, நீயும் பொம்பளையா பொறந்துருக்கலாம் இல்ல, என்கிறாள், மற்ற இரண்டு பெண்களும் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார்கள், பேசாதீங்க, பேசுனா கையி ஆடும், அப்பறம் மொதல்லேந்து ஒக்கார வச்சிடுவாங்க என்று ராணியம்மாள் அதட்டுகிறார். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம், பார், ஒரு நோட்டீஸ், பரிசோதனை நாளன்று குளிக்கவோ, எண்ணெய், சோப்பு, மஞ்சள், பவுடர் பூசவோ கூடாது என்று நான்கு வரி, அதற்கு இந்த மலையில் ஒருவர் தன் எண்ணெய் முழுக்கையே விட்டிருக்கிறார், பெரிய பெரிய ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுக்கிற மாத்திரையை யாராவது ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா? இங்கே என் வார்த்தைக்கு அவ்வளவு மரியாதை.

அந்தப் பச்சையம்மாள் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், டைமரைத் திருகுவதற்கு முன் அவள் இடது கை வளையல்களை நான் கழற்றினேனே, அதிலிருந்து, கண்ணாடி வளையல் ஒரு டஜன், கைக்குச் சரியாக இறுகப் பிடித்த அளவு, குழலில் உரசும், கழற்றாமல் அளக்க முடியாது, ராணியம்மாள் ஒன்றை இழுத்துப் பார்த்துவிட்டு ஒடஞ்சிடும்மா, எனக்கு பயமா கீது என்று ஒதுங்கிவிட்டார், நல்ல நாளும் அதுவுமாகப் புருஷன் பக்கத்தில் இருக்கும்போது வளையல் உடையலாமா, பச்சையம்மாள் முகமே சுண்டிவிட்டது. நான் அவள் கையை வாங்கினேன், கட்டைவிரல் அடிச்சதையை உள்ளே மடக்கி, சுண்டுவிரல் பக்கத்து எலும்பை லேசாக அமுக்கி, ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு கிலுங்கல்கூட இல்லாமல் பன்னிரண்டும் என் விரலுக்கு வந்துவிட்டன, வலது கையைத் தொடவே இல்லை, இரண்டு கையையும் மொட்டையாக விட எந்தப் பெண்ணும் சம்மதிக்க மாட்டாள், அந்த விதி வெளிநாட்டுக்காரர்கள் எழுதிய எந்தக் கையேட்டிலும் இல்லை, என் கையேட்டில் இருக்கிறது, நானே எழுதியது, இடது கை மட்டும் என்று. எப்டிம்மா ஒன்னுகூட ஒடையாம கழட்டுன, யாரு கத்துக்குடுத்தா ஒனக்கு என்று அவள் ஆச்சரியமாகக் கேட்டாள், பழக்கந்தாங்க என்று சொல்லிவிட்டு நான் பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டேன். பழக்கம். முப்பத்தொன்பது முகாமிலும் அந்தக் கேள்விக்கு அந்த ஒரு பதில்தான்... ஆனால் கழற்றும்போது ஏதோ ஒன்று என் விரலில் தட்டுப்பட்டது, அது என்ன? அந்தக் கை அவ்வளவு சொன்னபடி கேட்டது, மணிக்கட்டு வழுவழுவென்று நழுவியது, அதே கையின் விரல் நுனிகளைப் பார்த்தால் கோடுகோடாக வெடித்துக் கிடக்கிறது, கடுக்காய் உடைக்கிற விரல்கள், அந்தக் கறுப்புக் கறை வெடிப்புக்குள் இறங்கிவிட்டிருக்கிறது, ஏழுக்குரிய கையா இது? கவசம் போட்ட கை இப்படித்தான் வெடிக்குமா? விரல்நுனி வேறு, முன்கை வேறு, நான் அளக்கிற இடம் முன்கை, என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன், விளக்கம் சொல்வதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

பழக்கம் என்று சொன்னது பொய் இல்லை, பிசினஸ் என்று சொன்னதும் பொய் இல்லை, முனைவர் பட்டத்துக்கு நேர்முகத்தில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள், அப்பா என்ன செய்கிறார் என்று ஒருவர் சாதாரணமாகத்தான் கேட்டார், பிசினஸ் சார் என்றேன், என்ன பிசினஸ் என்று அவர் கேட்கவில்லை, கேட்டிருந்தால் ஃபேன்சி ஐட்டம்ஸ் என்று சொல்வதற்கு அதையும் தயார் செய்து வைத்திருந்தேன், பதினோரு வருடம் ஆகிறது, பேராசிரியருக்கு இன்றைக்கும் என் அத்தா பிசினஸ்தான். கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் போய்ச் சாதுல்லா பாய் வளையல் கடை எது என்று கேட்டால் பச்சைக் குழந்தையும் கை காட்டும், அத்தா முக்காலியில் உட்கார்ந்து எதிர் பெஞ்சில் உட்கார்கிற பெண்களின் கையைப் பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்வார், இரண்டேகால், இரண்டரை என்று, தொட்டுக்கூடப் பார்க்க வேண்டாம், இப்போது அண்ணன் காஜா கடையை இரண்டு மடங்காக்கிவிட்டான், அத்தா இன்னும் அதே முக்காலி, எனக்குப் பட்டம் கிடைத்தபோது செய்தித்தாளில் வந்த என் படத்தைக் கண்ணாடி போட்டு வளையல் பெட்டிகளுக்கு நடுவில் மாட்டியிருக்கிறார், வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும், இது எம் பொண்ணு, தோலு ஆராய்ச்சி பண்ணுது, கத்தி கித்தி ஒன்னும் இல்ல, கையி மேல வச்சாலே சொல்லிடும் என்று ஆரம்பித்துவிடுவார், வளையல் ஏறி முடியும்வரை அந்தப் பெண் தப்பிக்க முடியாது. நான் அந்தக் கடையில் பன்னிரண்டு வயதிலிருந்து கல்லூரி போகும்வரை வளையல் போட்டிருக்கிறேன், எல்லா நாளும் இல்லை, வெள்ளிக்கிழமை சாயங்காலமும் சனிக்கிழமையும் மட்டும்தான் அத்தா விடுவார், மற்ற நாளில் கை காய்ந்து கிடக்கும், கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் வைத்துத் தடவித் தடவித்தான் ஏற்ற வேண்டும், அதற்கு நிதானம் வேண்டும், உடைத்துவிடுவாய் என்பார், வெள்ளிக்கிழமை என்றால் கிண்ணத்துக்கு வேலையே இல்லை, காலையில் எண்ணெய் தேய்த்து முழுகிவிட்டு வருவார்கள், அரப்பு போட்டு எவ்வளவு தேய்த்தாலும் உள்ளே இறங்கியது இறங்கியதுதான், வளையல் தானே ஓடும், வெள்ளிக்கெழமக் கையி சின்னப் பொண்ணு போட்டாக்கூட ஏறும் என்பார் அத்தா, மறுநாள் சனிக்கிழமையும் அந்த வழுக்கல் பாதி மிச்சம் இருக்கும், ஞாயிற்றுக்கிழமைதான் மறுபடியும் கிண்ணம்... சனிக்கிழமையும். மறுநாளும். இன்றைக்கு என்ன கிழமை?

அப்படியென்றால்... இரு, இரு, நிதானம், ஆண்களுக்குச் சனிக்கிழமை, பெண்களுக்கு வெள்ளிக்கிழமை, இது எனக்குத் தெரியாதா, எங்கள் வீட்டில் இந்தக் கிழமைக் கணக்கு இல்லையே தவிர தெரு முழுக்க இருந்தது, என் முகாம் எல்லாமே சனிக்கிழமை, ஏன், பள்ளிக்கூட அறை அன்றைக்குத்தான் காலியாகக் கிடைக்கும், வேறு காரணமே இல்லை, அன்று எண்ணெய் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினேன், அன்று, பரிசோதனை நாளன்று, ஆண்கள் வார்த்தை தவறாமல் தங்கள் எண்ணெய் முழுக்கை விட்டுவிட்டு ஒரு வாரம், இரண்டு வாரம் காய்ந்த தோலோடு வந்து உட்கார்ந்தார்கள், பெண்களும் வார்த்தை தவறாமல் அன்று தொடவில்லை, நேற்றே தொட்டுவிட்டார்கள். எங்களுக்கு இன்னா, நேத்தே தேச்சி முழுகியாச்சி. யாரும் என்னை ஏமாற்றவில்லை, நான் எழுதியதை எழுத்து பிசகாமல் செய்தார்கள், பதினொன்று என்பது காய்ந்த தோல், ஏழு என்பது எண்ணெய் குடித்த தோல், கவசமாம், இயற்கையாம், வெட்கமாக இருக்கிறது. முழுவதும் எண்ணெய்தானா? பாதி எண்ணெயாக இருக்கலாம், பாதி உண்மையாகவே ஏதாவது இருக்கலாம், எனக்குத் தெரியாது, இந்த நானூற்றுப் பன்னிரண்டு பேரை வைத்துக்கொண்டு இனி யாருக்கும் தெரியாது, கடைசியாக எண்ணெய் வைத்தது எப்போது என்று ஒருவரைக்கூட நான் கேட்கவில்லையே... சொல்லாமல் விட்டால் என்ன? இது யாருக்குத் தெரியும்? கட்டுரையைச் சரிபார்த்த மூன்று பேரும் குளிர்தேசத்துக்காரர்கள், அவர்களுக்கு வெள்ளிக்கிழமை என்றால் ஐந்தாவது வேலைநாள், பேராசிரியரும் அடுக்குமாடிக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர், உலகத்தில் ஒருவரும் இந்தக் கேள்வியைக் கேட்கப்போவதில்லை, நான் வாயை மூடிக்கொண்டு ஜீப்பில் ஏறினால் போதும். எதிரே பச்சையம்மாளின் கை மலர்ந்து கிடக்கிறது, ஆட்காட்டி விரலில் ஒரு வெடிப்பு ரத்தம் கட்டி நிற்கிறது, அவள் அதை மறைக்கக்கூட இல்லை, நான் சொன்னபடி ஆடாமல் அசையாமல் வைத்திருக்கிறாள், திங்கட்கிழமை கையெழுத்தாகிவிட்டால் களிம்பு முதலில் உட்கார்ந்திருக்கிற செல்லமுத்துவுக்கு வரும், இவளுக்கு வராது, உனக்குத்தான் கவசம் இருக்கிறதே என்று சொல்லிவிடுவார்கள், சொன்னது யார்? நான்.

எனக்குத் தோற்பது பிடிக்காது, பத்தாம் வகுப்பில் ஒரு மதிப்பெண்ணுக்காகக் கணக்கு டீச்சர் வீடு வரைக்கும் போய் நின்றவள் நான், ஆனால் இது அந்த மாதிரி இல்லை, அழுகை வரும்போல் இருந்தது உண்மை, அதற்கு அடியில், சொன்னால் சிரிப்பீர்கள், ஒரு அற்பப் பெருமை தலையைத் தூக்குகிறது, இந்தத் தப்பை வேறு யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது, எத்தனை பெரிய ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து எவன் வந்தாலும் முடியாது, என் கட்டைவிரல்தான் கண்டுபிடித்தது, கருவியை வைக்கிறதுக்கு முன்னாலேயே. ஒரு கூடுதல் பத்தி போட வேண்டும், நோட்டில், இப்போதே, ராணியம்மா, அந்த நோட்டக் கொஞ்சம் குடுங்க என்று வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, மேலே கடைசியாக எண்ணெய் தேய்த்த கிழமை என்று எழுதுகிறேன், இன்னாம்மா கடேசி நாள்ல போய் புச்சா கோடு போட்றீங்க என்கிறார் ராணியம்மாள், இதாங்க மொத நாள் என்கிறேன், அவருக்குப் புரியவில்லை, எனக்கும் முழுக்கப் புரிந்துவிடவில்லை. மறுபடி நைனார்பாளையத்திலிருந்தா? மறுபடி நானூறு பேரா? செய்ய வேண்டியதுதான், பாதிப் பேரை வியாழக்கிழமை, பாதிப் பேரைச் சனிக்கிழமை, ஒரே ஆளை எண்ணெய்க்கு முன் ஒரு தரம், பின் ஒரு தரம்... அடிப்பாவி, ஒரு நாள் எண்ணெய் மறுநாள் வரை தோலைக் காக்கிறது என்றால் அதுவே ஒரு ஆராய்ச்சி ஆயிற்றே.

டைமர் அடித்துவிட்டது. செல்லமுத்துவுக்குப் பன்னிரண்டு, கடேசியா எப்ப எண்ண வச்சீங்க, அதான் சொன்னேனே, ரெண்டு வாரம் ஆச்சி, தலை கொதிக்குதுன்னு, ஆமாங்க சொன்னீங்க, நான்தான் கேக்கல. அடுத்தவருக்குப் பதினொன்று, போன சனி. பச்சையம்மாளின் கையை எடுக்கிறேன், குழலை வைக்கும் முன் கட்டைவிரலால் மணிக்கட்டை ஒரு தரம் தடவுகிறேன், முதல் தடவையாக வேண்டுமென்றே, ஏழுக்குக் கீழே என்று மனசுக்குள் சொல்லிக்கொள்கிறேன், குழலை வைத்து ஒரு நிமிடம் மூச்சைப் பிடித்தபடி நிற்கிறேன், ஆறு புள்ளி எட்டு. எத்தினிம்மா, எங்கையி நல்லாக் கீதா, என்கிறாள், நல்லா இருக்குங்க, எண்ணெய் வச்சதால நல்லா இருக்கு, வெரல் நல்லா இல்ல, அதுக்கு மருந்து ஒங்களுக்கும் வரணும், என்கிறேன், இன்னா ஜாஸ்தியா வெடிச்சிக் கீதா என்று அவள் விரலைத் திருப்பிப் பார்த்துக்கொள்கிறாள், வளையல்களை மறுபடி போட அவள் கையை மடக்குகிறேன், ஒன்று, இரண்டு, மூன்று, பன்னிரண்டு, சொல்லவே மாட்டேன்றியே, யாரும்மா இத ஒனக்குக் கத்துக்குடுத்தது, என்று மறுபடியும் கேட்கிறாள், எங்க அத்தாதாங்க, கள்ளக்குறிச்சில வளையல் கடை வச்சிருக்காரு, என்று சொல்லிவிட்டேன், சொல்லிவிட்டேன், ராணியம்மாள் நிமிர்ந்து பார்க்கிறார், இரண்டு வருடம் என்னோடு அலைந்தவர், யாரு, சாதுல்லா பாய் பொண்ணா நீங்க, அட, எங் கண்ணாலத்துக்கே அவுருதான் வளையல் போட்டாரு, மொதல்லயே சொல்லக் கூடாதா என்கிறார், பச்சையம்மாள் வளையலைக் குலுக்கிப் பார்த்து, அதான பாத்தேன், என்கிறாள், இத்தனை வருடம் மறைத்ததைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. ஜீப் ஹாரன் அடிக்கிறது. இங்கே டவர் இல்லை, வளைவெல்லாம் இறங்கிக் காச்சிராயபாளையம் தாண்டினால் போன் உயிர் பெறும், பேராசிரியர் கட்டாயம் கூப்பிடுவார், கட்டுரையை நிறுத்துங்க சார், திங்கட்கிழமை அந்த எண்ணைக் காட்டாதீங்க, தப்பு பண்ணிட்டேன் என்று தலை நிமிர்ந்து சொல்வேன், அதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை, இவ்வளவு நேரம் அதுதான் கஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அது இல்லை... அதற்கடுத்து அவர் எப்போதும்போல் நிதானமாக ஒரு கேள்வி கேட்பார், எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க என்று, உண்மையைச் சொன்னால் பதினோரு வருடத்துப் பிசினஸ் வளையல் கடையாகிவிடும், அங்கே கடையில் அத்தா இந்நேரம் எந்தப் பெண்ணின் கையையோ பிடித்துக்கொண்டு என் படத்தைக் காட்டிக்கொண்டிருப்பார், பெட்டியை மூடுகிறேன், குழலைத் துணியில் சுற்றி வைக்கிறேன், பழக்கம் என்ற வார்த்தை அதற்குள் நாக்கின் நுனிக்கு வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது.